கடைசிப் பத்துத் தூண்டில்

நான் தூண்டிலுக்கு இரை குத்துகிற கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்த முதல் பனிமாரியில் ஒவ்வொரு நாள் காலையும் என் கையுறைகள் காய்ந்து சூடாக இருக்கும். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆணியில் கொழுவிவிட்டுப் போயிருப்பேன். காலையில் வந்தால் அவை சுடுநீர்க் குழாயின் மேல், விரல் விரித்து, ஒன்றோடு ஒன்று படாமல் கிடக்கும். நாங்கள் குடிவந்த அந்தக் குளிர்நாட்டுக் கரையில் மாசி மாதத்தில் காய்ந்த கையுறை கிடைப்பது லேசான காரியம் இல்லை. கொட்டிலில் அப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறதாக்கும், யாரோ சம்பளத்துக்குச் செய்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை வந்தபோது கையுறை ஆணியிலேயே கிடந்தது. பலகை மாதிரி விறைத்திருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து கூன்வோர் சிரித்தார். கொட்டிலில் எல்லாரிலும் மூத்த பெண் அவர்தான். வாயும் அவருக்குத்தான் பெரிது.

“ஆர் காயப்போட்டது எண்டு நினைச்சீர், றெஜீனா? சுவரோ? அவன் நேத்துப் பின்னேரம் பனியில சறுக்கி விழுந்து கணுக்காலை முறிச்சுப்போட்டான். இனிக் கொஞ்ச நாளைக்கு உம்மட கையுறையை நீர்தான் பாக்கவேணும்.”

அவன் என்றது ஓட்வாரை. அன்றுவரை அந்த மனிதர் என்னோடு பத்து வார்த்தை கதைத்திருக்க மாட்டார். அவர்தான் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, கோப்பிக்குத் தண்ணீர் வைத்து, என் கையுறையைக் குழாயில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரித் தன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். மூன்று மாதம். எனக்குத் தெரியவே தெரியாது.

ஓட்வாருக்கு அப்போது அறுபது கிட்ட. பதினெட்டு வயதில் தொடங்கி இரை குத்துகிற வேலைதான். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீடு, படகுத்துறை, கொட்டில், இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு பழைய கார்.

எங்கள் வேலை இதுதான். நீளமான கயிறு. ஒரு பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஒன்றாகத் தூண்டில் தொங்கும். ஒரு தொட்டிக்கு நானூறு தூண்டில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மீனைக் குத்தி, கயிற்றை வளையம் வளையமாகத் தொட்டிக்குள் சுற்ற வேண்டும். ஒரு சிக்கு இருந்தாலும் நாளைக்குப் படகில் நிற்கிறவனின் கையைத் தூண்டில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கை முழுக்க இரை நெய்யும் செதிளும் இருக்கும். அதனால் வேலைக்கு நடுவில் யாரும் சிகரெட் பத்த முடியாது. தொட்டி முடிந்த பிறகுதான் ஓட்வார் கையுறையைக் கழற்றுவார், கை கழுவுவார், புகையிலையைத் தாளில் வைத்து உருட்டுவார், கதவடியில் போய் நின்று பத்துவார். ஒரு தொட்டி, ஒரு சிகரெட். நாற்பது வருடம் இப்படித்தான். கொட்டிலில் மணிக்கூடு இருந்தது, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. ஓட்வார் கதவடிக்குப் போனால் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

முறிந்த கணுக்கால் இரண்டு வருடமாகியும் சரிவரவில்லை. நொண்டி நொண்டித்தான் வருவார். குளிர் கூடினால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் வருடம், தவக்காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து கதவடியில் நின்றார். கையில் உருட்டிய சிகரெட். இன்னும் பத்த வைக்கவில்லை.

“எலும்பு ஒட்டேல்லையாம்,” என்றார். “இடுப்பில இருந்து எலும்பு எடுத்து வைச்சு ஆணி அடிக்கப்போகினமாம். பத்திற ஆளுக்கு வைச்சால் அது பிடிக்காதாம். எட்டுக் கிழமை விட்டிட்டு வரவேணுமாம். ரத்தம் எடுத்துப் பாப்பினமாம்.”

“விடாமல் போனால்?” என்று கேட்டார் கூன்வோர்.

“திருப்பி அனுப்புவினம். பழைய ஆணியடியில இப்பவே வீக்கம். அது சீழ் பிடிச்சால் முழங்காலுக்குக் கீழ எடுக்கிறதுதானாம்.”

கூன்வோர் தலையை நிமிர்த்தாமல், “நல்லதுதானே. சப்பாத்து ஒண்டு வாங்கினால் காணும்,” என்றார்.

ஓட்வார் சிரித்தார். முதல் நாள் ஞாயிறு, நோன்புக்கு முன் அந்த ஊரில் கிரீம் வைத்த பணிஸ் தின்னும் நாள். மிஞ்சிய பணிஸ் ஒன்றை எடுத்துத் தின்றார், கதவடியில் நின்று அந்தச் சிகரெட்டைப் பத்தினார், மிச்சப் புகையிலைப் பொதியைக் கடலில் எறிந்தார். திரும்பி வந்து தன் தொட்டிக்குப் பின்னாலிருந்த சுவரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார். புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். நான் நோன்புக்குச் சீனியை விட்டேன்.

“இவ சீனியை விடுறா, இவன் புகையை விடுறான்,” என்றார் கூன்வோர். “ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு உண்மையான நோன்பு இருக்கப்போறது நான்தான்.”

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் கிழமை ஓட்வார் உப்பு மிட்டாயாகத் தின்றார். கோப்பி குடித்துக் குடித்து நாக்கு வெந்துபோனது என்றார். புகையை விடுகிறவர்கள் மெல்லுகிற கோந்து ஒன்று கடையில் விற்றது, அது கார் டயரைச் சப்புகிற மாதிரி என்று துப்பிவிட்டார். இரவில் நித்திரை இல்லை என்று முகமே சொன்னது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஆனால் தொட்டி பாதியில் இருக்கும்போது மனிதர் சரியாக இருப்பார். கை தன்பாட்டில் போகும். முந்நூறு தூண்டில், முந்நூற்றைம்பது தூண்டில், ஒன்றும் இல்லை. தொட்டி நிரம்பிக்கொண்டு வரும்போதுதான் தொடங்கும். தோள் இறுகும். மூச்சு மூக்கால் சத்தமாக வரும். இடது கை இரையை விட்டுவிட்டுச் சட்டைப் பைக்குப் போகும். பை காலி. கை திரும்பி வரும்.

பன்னிரண்டாம் நாள் கூன்வோர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எப்போதும் வைக்கிற அளவுதான்.

“நிப்பாட்டு அந்தச் சனியனை!” என்று ஓட்வார் கத்தினார்.

“இந்த ரேடியோ வந்து பதினெட்டு வருசமா இதே சத்தம்தான்.”

“பதினெட்டு வருசமாச் சகிச்சுக்கொண்டுதான் இருந்தன்!”

“அப்ப நாற்பது வருசமா உன்ர புகையைக் குடிச்ச எனக்கு ஆர் பதில் சொல்றது? உனக்குத் தெரியாதோ, விசரா? நீ கதவடியில நிண்டு பத்தினாலும் காத்து உள்ளதான் அடிக்கும்!”

ஓட்வார் கையிலிருந்த தூண்டிலைப் பலகையில் ஓங்கிக் குத்தினார். அது பெருவிரலில் ஏறிவிட்டது. இரத்தம் இரைக்குள் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னையும் கூன்வோரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். ரேடியோவைக் கூன்வோர் நிற்பாட்டினார். அடுத்த நாள் காலை ரேடியோவுக்கு மேலே ஒரு பெட்டி உப்பு மிட்டாய் இருந்தது. யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலாம் கிழமை ஸ்டைனார் கொட்டிலுக்குள் வந்தார். அவர் படகின் சொந்தக்காரர், நாற்பது வயது, சத்தம் போடாத மனிதர். அன்று கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தொட்டியின் அடையாளத் தகடு. ஒவ்வொருவருக்கும் ஒரு தகடு உண்டு. அது ஓட்வாருடையது.

“ஓட்வார், இது என்ன? கயிறு இறக்கேக்க முதல் இருபது தூண்டிலும் வெறுசாப் போகுது. ஒரு தொட்டி இல்லை. உன்ர தொட்டி எல்லாம் இப்பிடித்தான். மீனுக்கும் நோன்போ?”

கடைசியாகக் குத்துகிற தூண்டில் தொட்டியின் மேலே கிடக்கும். கடலில் முதலில் இறங்குவது அதுதான். அதனால்தான் உடனே பிடிபட்டது.

ஓட்வார் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, எங்களுக்கும் கேட்க வேண்டும் என்பது போலச் சொன்னார்.

“முடிக்க ஏலாமல் கிடக்கு. கடைசித் தூண்டில் குத்தினால் கை பொதியைத் தேடுது. தலை வெடிக்கிற மாதிரி இருக்குது. அதான் முடிக்கிறேல்லை. கொஞ்சம் இருக்கேக்கயே கயிறை மடிச்சு வைச்சிட்டு அடுத்த தொட்டியைத் தொடங்கிடுவன். தொட்டி முடியாட்டி அந்தத் தவிப்பு வராது. அதான்.”

நாற்பது வருடம் ஒரு வெறும் தூண்டிலும் விடாத மனிதர். தான் செய்தது களவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் சிவந்துபோயிருந்தது.

ஸ்டைனார் தகட்டைப் பலகையில் வைத்தார். கோபம் இறங்கிவிட்டது. பையிலிருந்து வட்டமான ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். ஸ்னூஸ். ஈரப் புகையிலையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டியிருக்கும். மேலுதட்டுக்குள்ளே வைத்துக்கொள்வார்கள். அந்த ஊரில் பாதி ஆண்களின் உதடு எப்போதும் அப்படிப் புடைத்துத்தான் இருக்கும்.

“இதை உதட்டுக்குள்ள வை. புகை இல்லை, நெருப்பு இல்லை. கை கழுவவும் தேவையில்லை. என்ர தூண்டிலுக்கு மட்டும் இரையைக் குத்து.”

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. அங்கே ஸ்னூஸை யாரும் புகையிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புகை வந்தால்தானே புகைத்தல்? பள்ளி ஆசிரியரும் வைத்துக்கொண்டு வருவார், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவரும் வைத்துக்கொண்டு பாடுவார். நானும் நல்ல வழி கிடைத்தது என்றுதான் நினைத்தேன். இரவு செபத்தில் ஸ்டைனாருக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் சமாதானமாகப் போனது. ஓட்வார் தொட்டியை முடித்தார். ரேடியோவைத் தானே போட்டார். சுவரில் சோக்கட்டிக் கோடு முப்பத்தாறு ஆனது. கூன்வோர் அவரைப் பார்த்து, “மேல் உதடு வீங்கி அணில் மாதிரி இருக்கிறாய். ஆனாலும் முந்தின கரடிக்கு இது திறம்,” என்றார்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. ஓட்வார் முதல் பக்கத்தில் திகதியைப் பார்த்தார். சித்திரை நடுப்பகுதி. “இருபது நாள்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு எல்லாரும் பார்க்கட்டும் என்று கடிதத்தை யன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே அப்படித்தான், கலியாண அழைப்பும் யன்னலில் கிடக்கும்.

அவர்கள் பாஷையை நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கோப்பி நேரத்தில் கையில் எது கிடைத்தாலும் விரல் வைத்து வாசித்துப் பழகுவது என் வழக்கம். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்துவார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனிச் சொல்லு. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது வரியில் ஸ்னூஸ் என்று இருந்தது. முதலில் நம்பவில்லை. திரும்ப வாசித்தேன். ஸ்னூஸும் கூடாது, கோந்தும் கூடாது, நிக்கொட்டின் எந்த உருவத்திலும் கூடாது, இரத்தத்தில் இருந்தால் சத்திரசிகிச்சை நடக்காது.

ஓட்வார் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இரை வெட்டினார். சொல்லாமல் விட்டால் இந்த இருபது நாளும் சமாதானமாகப் போகும். பிறகு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். சொன்னால் இன்றைக்கே எல்லாம் உடையும். இரண்டு தரம் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எழும்பினேன்.

“ஓட்வார், இந்த வரியை ஒருக்கா வாசியுங்கோ. நான் பிழையா விளங்கினனோ தெரியாது.”

அவர் வாசித்தார். கத்தி கையிலிருந்து பலகையில் விழுந்தது.

“உம்மை ஆர் வாசிக்கச் சொன்னது?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. “உம்மட வேலையைப் பாருமன்.”

கூன்வோர் எழும்பி வந்து கடிதத்தை வாங்கி வாசித்தார். ஓட்வார் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார். காலை இழுத்து இழுத்துக் கடைப் பக்கம் போவதை யன்னலால் பார்த்தோம். திரும்பி வந்து காருக்குள் ஏறி இருந்தார். கையில் புதுப் புகையிலைப் பொதி. கார்க் கண்ணாடி புகாராகப் படிந்தது. அவருடைய மூச்சோ, புகையோ, எங்களுக்குத் தெரியவில்லை.

“போய்ப் பாக்கட்டோ?” என்று கேட்டேன்.

“இரும். அவன் நாங்கள் பாக்கிறம் எண்டு தெரிஞ்சால் உடன பத்துவான்,” என்றார் கூன்வோர். அவர் கையும் வேலை செய்யவில்லை.

நான் மனதுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். எத்தனை சொன்னேனோ தெரியாது. கார்க் கதவு திறந்தது. அவர் வந்தார். புகை மணம் இல்லை. பொதியைக் கூன்வோர் கம்பளி பின்னக் கொண்டுவருகிற பைக்குள் போட்டார். முத்திரை உடையவில்லை.

“இது உன்னட்ட இருக்கட்டும். என்னட்ட இருந்தால் சரிவராது,” என்றார். போனை எடுத்து எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்தார். பெயர் சொன்னார், பிறந்த திகதி சொன்னார்.

“பத்தேல்லை. ஆனால் ஸ்னூஸ் வைச்சனான். பத்து நாள். ஓம். ஓம், எனக்கு வாசிக்கத் தெரியும், வாசிக்கேல்லை. ... இல்லை, மறைக்க விருப்பமில்லை. கால் என்ர.” நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். “வைகாசி கடைசி. சரி. அதுக்குள்ள சீழ் பிடிச்சால்? ... விளங்குது.”

போனை வைத்துவிட்டுச் சுவரடிக்குப் போனார். ஈரக் கையுறையை எடுத்து முப்பத்தாறு கோட்டையும் ஒரே இழுவையில் துடைத்தார். ஒரு கோடு போட்டார்.

“முதலாம் நாள்,” என்றார்.

இரண்டாம் தரம் முதல் தரத்தைவிட மோசமாக இருந்தது. முதல் தரம் என்ன வருமென்று தெரியாமல் போனவர், இப்போது தெரிந்துகொண்டு போனார். உப்பு மிட்டாயைப் பார்த்தாலே ஓங்காளித்தார். கை நடுங்குவதை மறைக்க இரண்டு கையையும் இரை வாளிக்குள் வைத்துக்கொண்டு நிற்பார். நாங்கள் அங்கே வார்த்தையை எண்ணித்தான் பேசினோம்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ நடந்தது இது. என் தொட்டி முடிந்துவிட்டது. பக்கத்தில் ஓட்வார் அப்படியே நின்றார். இன்னும் பத்துத் தூண்டில் தொங்கியது. இரைத் துண்டு கையில் இருந்தது, குத்தவில்லை. நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை. வெறுமையாக விடவும் அவரால் முடியாது, ஸ்டைனாருக்குச் சொல் கொடுத்துவிட்டார். முடிக்கவும் முடியாது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஓரடி பக்கமாக நகர்ந்து, அவருடைய கயிற்றை என் பக்கம் இழுத்து, அந்தப் பத்தையும் குத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புதுத் தொட்டியை இழுத்து வைத்து முதல் தூண்டிலை எடுத்தார். தோள் இறங்கியது. கை பைக்குப் போகவில்லை.

அடுத்த தொட்டியில் கூன்வோருக்குக் கடைசிப் பத்து வந்தபோது ஓட்வார் போய், “தள்ளு, கிழவி,” என்று சொல்லி அதைக் குத்திக் கொடுத்தார். மற்றவருடைய தொட்டி முடிந்தால் அவர் கை பொதியைத் தேடாது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். அதிலிருந்து அது கொட்டிலின் வழக்கமாகிவிட்டது. அவருடைய பத்தை நாங்கள், எங்களுடைய பத்தை அவர்.

“அரசாங்க வரி காணாதெண்டு இப்ப பத்துத் தூண்டில் வரியும்,” என்று கூன்வோர் முணுமுணுப்பார். ஆனால் ஒரு தரமும் பிந்தியதில்லை.

அவருடைய பத்தைக் குத்தும்போது நான் ஒரு தூண்டிலுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவேன். செபமாலையில் ஒரு பத்து மணி மாதிரி சரியாக முடியும். அவர்கள் லூத்தர் சபைக்காரர்கள், மாதாவிடம் செபிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. அதனால் சத்தமாகச் சொல்லவில்லை.

ஒரு நாள் ஓட்வார் கேட்டார், “உம்மட வாய் அசையுதே, என்னைத் திட்டுறீரோ?”

“இல்லை. செபம்.”

அவர் புதுத் தொட்டியை இழுத்து வைத்தார். “எல்லாத்தையும் எனக்குச் செலவழிக்காதையும். ரெண்டை மீனுக்கும் சொல்லும். ஸ்டைனார் சந்தோசப்படுவான்.”

நாற்பத்துநாலாம் நாள் அவர் காய்ச்சலோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார். பழைய ஆணியடி சிவந்து வீங்கியிருந்தது. ஊர் டொக்டர் மருந்து கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் சிவப்பு இறங்காவிட்டால் நகரத்துக்கு அனுப்புவேன், அங்கே எலும்பு வைக்கிற கதை இருக்காது என்று சொல்லியிருந்தார். அன்று செவ்வாய்.

“வீட்டை போய்ப் படு,” என்றார் கூன்வோர்.

“வீட்டில இருந்தால் கடைக்குப் போயிடுவன்.”

நின்று வேலை செய்தார். முந்நூறு தூண்டில் வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“கூன்வோர். பொதியைத் தா.”

“எந்தப் பொதி?”

“நடிக்காதை. உன்ர பைக்குள்ள கிடக்கு. கால் போகப்போகுது. போற காலுக்கு ஏன் நான் சாகவேணும்? தா!”

நான் கூன்வோரைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பின்னல் பையைத் திறந்து, கம்பளி நூலுக்கு அடியிலிருந்து பொதியை எடுத்தார். ஓட்வாரின் தொட்டி விளிம்பில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். பக்கத்தில் தாள் கட்டையும் வைத்தார்.

“தொட்டியை முடிச்சிட்டு எடு,” என்றார். “நாற்பது வருசம் முடிக்காமல் நீ பத்தினதில்லை. இண்டைக்கும் முடிச்சிட்டுப் பத்து. ஒருத்தரும் உன்ர பத்தில கை வைக்கமாட்டம்.”

இந்தப் பெண் என்ன செய்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஓட்வார் தூண்டிலை எடுத்தார். இரையைக் குத்துகிற வேகம் பயமாக இருந்தது. முந்நூற்றைம்பது. முந்நூற்றெண்பது. காய்ச்சலில் கண் பளபளத்தது. பொதியை அவர் பார்க்கவில்லை. நாங்கள்தான் அதைப் பார்த்தோம். முந்நூற்றுத் தொண்ணூறு.

நின்றார்.

பத்துத் தூண்டில் பலகையில் வரிசையாகக் கிடந்தது. ஒரு துண்டு இரையை எடுத்தார். முதல் தூண்டிலின் முனையில் வைத்தார். குத்தவில்லை. வெளியே கடற்புள் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குள் ஏதோ தட்டியது. எனக்குச் செபம்கூட வாய்க்குள் வரவில்லை, மாதாவே மாதாவே என்ற ஒரு சொல்தான் வந்தது.

அவர் இரையைக் கீழே வைத்தார். கையை இரண்டு தரம் மேலங்கியில் துடைத்தார்.

“றெஜீனா,” என்றார். குரல் கரகரத்தது. “வாரும். இது உம்மட பத்து.”

நான் போனேன். முதல் தூண்டிலை இரண்டு தரம் குத்தவேண்டி வந்தது. அவர் என் பின்னால் நிற்பது மூச்சில் தெரிந்தது. பத்தும் முடிந்ததும் கூன்வோர் பொதியை எடுத்துத் திரும்பவும் கம்பளி நூலுக்கு அடியில் வைத்தார்.

“நான் கட்டின பந்தயம் வெண்டிட்டுது,” என்றார். ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

வியாழக்கிழமை சிவப்பு இறங்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை டொக்டர் சரி என்றார். வைகாசிக் கடைசியில் ஓட்வார் கரையோரக் கப்பலில் நகரத்துக்குப் போனார். இரத்தத்தில் நிக்கொட்டின் இல்லை. எலும்பு வைத்தார்கள், ஆணி அடித்தார்கள். எலும்பு பிடித்துக்கொண்டது. இலையுதிர்காலத்தில் தடியோடு வந்தார். அடுத்த மாரியில் தடியில்லாமல் வந்தார். படியில் மட்டும் கொஞ்சம் மெதுவாக இறங்குவார். முதல் வேலையாகக் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தார். என் கையுறை திரும்பவும் குழாயில் ஏறியது. இந்தத் தரம் நான் நன்றி சொன்னேன்.

“சுவருக்குச் சொல்லும்,” என்றார்.

ஆனால் பத்துத் தூண்டில் வழக்கம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் ஒரு சிகரெட்டையும் தொடவில்லை, ஒரு தொட்டியையும் தானே முடிக்கவில்லை. கை சும்மா இருக்குது, ஆசை போய்விட்டது என்பார். ஆனாலும் கடைசிப் பத்து வந்தால் ஓரடி விலகி நிற்பார். பரீட்சித்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. எங்களுக்கும் துணிவில்லை. கூன்வோர் ஓய்வு எடுத்துப் போன பிறகு நான் மட்டும்தான் அவருடைய பத்தைக் குத்தினேன்.

என் பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் தெற்கே போக முடிவெடுத்தோம். அதை ஓட்வாருக்குச் சொன்ன நாளில் என் மனதில் கிடந்த கவலை வேறு ஒன்றும் இல்லை. இனி யார் முடிப்பது? புதிதாக வந்தவர்களிடம் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். வெறும் தூண்டிலாகவும் விடமாட்டார். அப்படியானால் கை மறுபடி பைக்குப் போகுமோ? கேட்க வாய் வரவில்லை.

இந்தத் தை மாதம் அவர் காலமாகிவிட்டார் என்று கூன்வோர் போனில் சொன்னார். “நித்திரையிலதான் போனவன். ரெண்டு காலோடயும்,” என்றார். அவர் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். லூத்தர் சபைக்காரருக்கு ஏன் என்று பங்குச் சுவாமி கேட்கவில்லை.

நான் அவரைக் கடைசியாகக் கண்டது நாங்கள் புறப்பட்ட அன்று, படகுத்துறையில். கரையோரக் கப்பல் பத்து மணிக்கு. பெட்டியெல்லாம் ஏற்றிவிட்டோம். கொட்டிலில் வேலை நேரம், அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மேலங்கியோடு, இரை நாற்றத்தோடு, துறையின் நீளத்துக்கும் தடியில்லாமல் நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், காலி. கப்பல் ஊதியது. அவர் என் கையைப் பிடித்து ஒரு தரம் குலுக்கினார்.

“இண்டைக்கு என்ர தொட்டியை நானே முடிச்சன், றெஜீனா. கடைசிப் பத்தையும். ஒண்டும் நடக்கேல்லை.”